குரல் அடியில், இரைச்சல் மேலே: வீட்டு ரெக்கார்டிங்கில் மைக் தொல்லைகளைச் சரிசெய்வது எப்படி

வீட்டில் உட்கார்ந்து கதை வாசிப்பவர்கள், பாட்காஸ்ட் செய்பவர்கள், யூடியூப் வீடியோவுக்குக் குரல் கொடுப்பவர்கள், பாடிப் பதிவு செய்பவர்கள் என்று யாரைக் கேட்டாலும் ஆரம்பத்தில் சொல்லும் புகார் இரண்டுதான். "சத்தமே ஏறவில்லை, எங்கோ தூரத்தில் பேசுகிற மாதிரி இருக்கிறது" என்பது ஒன்று. "பின்னால் உஸ்ஸென்று ஓடிக்கொண்டே இருக்கிறது" என்பது இன்னொன்று. முதல் புகாருக்காகக் கெயினை, அதாவது மைக்கிலிருந்து வரும் ஒலியைப் பெருக்கும் அளவைக் கூட்டுகிறார்கள். குரல் பெரிதாகிறது, கூடவே இரைச்சலும் பெரிதாகிறது. அப்புறம் அந்த இரைச்சலை ஏதாவது ஒரு மென்பொருளில் போட்டு வழித்து எடுக்கிறார்கள். இப்போது குரலே சப்பையாகிவிடுகிறது. கடைசியில் மைக்கின் மேல் பழி விழுந்து, புது மைக்குக்குத் தேடல் தொடங்கிவிடுகிறது.

பெரும்பாலும் மைக்கை மாற்ற வேண்டிய அவசியமே இருக்காது. அந்த இரண்டு புகாரும் அடிப்படையில் ஒன்றுதான்: குரலுக்கும் இரைச்சலுக்கும் நடுவில் இருக்க வேண்டிய இடைவெளி போதவில்லை. இந்த இடைவெளி எங்கே உண்டாகிறது, எங்கே கெடுகிறது என்று தெரிந்துகொண்டால், பாதிப் பிரச்சினையைக் காசு செலவழிக்காமலே தீர்த்துவிடலாம்.

இடைவெளியை முதலில் அளந்து பாருங்கள்

ஆடாசிட்டி போன்ற இலவச மென்பொருளானாலும் சரி, விலை கொடுத்து வாங்கியதானாலும் சரி, ஒரு லெவல் மீட்டர் கண்டிப்பாக இருக்கும். அதன் உச்சியில் 0 என்று போட்டிருக்கும். அதுதான் கூரை. டிஜிட்டல் பதிவில் அதற்கு மேல் எதையும் எழுத முடியாது என்பதால் எல்லா அளவும் மைனஸிலேயே வரும். மைனஸ் 6 என்றால் கூரைக்குப் பக்கத்தில், மைனஸ் 60 என்றால் வெகு கீழே.

வழக்கமாக எங்கே உட்கார்ந்து பேசுவீர்களோ அங்கேயே உட்காருங்கள். ரெக்கார்டை அழுத்திவிட்டு முதல் 10 விநாடி வாயைத் திறக்காதீர்கள். அப்புறம் வழக்கமான குரலில் நாலு வரி பேசுங்கள். பேசும்போது மீட்டர் மைனஸ் 36 பக்கம் ஆடியது, சும்மா இருந்தபோது மைனஸ் 56இல் நின்றது என்று வைத்துக்கொள்வோம். இடைவெளி 20 டெசிபெல் (மீட்டர் காட்டும் ஒலி அளவின் அலகு). இப்போது கெயினை 20 டெசிபெல் கூட்டினால் குரல் மைனஸ் 16க்கு வந்துவிடும். பார்க்க நன்றாக இருக்கும். ஆனால் இரைச்சலும் மைனஸ் 36க்கு ஏறியிருக்கும். இடைவெளி அதே 20தான். எது குரல், எது ஃபேன் என்று கெயினுக்குத் தெரியாது. வந்ததையெல்லாம் ஒரே அளவில் தூக்கிவிடும்.

இனி கெயினைத் தொடாமல், 60 செ.மீ. தள்ளி இருந்த மைக்கை 30 செ.மீ.க்குக் கொண்டு வாருங்கள். தூரம் பாதியானால் மைக்கைச் சேரும் குரல் சுமார் 6 டெசிபெல் கூடும். 15 செ.மீ. ஆக்கினால் இன்னும் ஒரு 6. ஆக மொத்தம் 12 டெசிபெல் லாபம். ஃபேன் இருந்த இடத்திலேயே சுற்றிக்கொண்டிருக்கிறது, மைக்கில் அதன் சத்தம் கூடவில்லை. 20ஆக இருந்த இடைவெளி 32 ஆகிவிட்டது.

எவ்வளவு இடைவெளி இருந்தால் போதும்? ஆடியோ புத்தகங்களை உருவாக்கி விற்பனைக்கு விட உதவும் ஏசிஎக்ஸ் தளத்தின் விதி நல்ல அளவுகோல். குரலின் சராசரி மைனஸ் 23க்கும் மைனஸ் 18க்கும் இடையில் இருக்க வேண்டும், உச்சம் மைனஸ் 3ஐத் தாண்டக் கூடாது, பேசாத இடத்தில் இரைச்சல் மைனஸ் 60க்கு மேல் வரக் கூடாது. அதாவது சராசரிக் குரலுக்கும் இரைச்சலுக்கும் நடுவில் ஏறத்தாழ 40 டெசிபெல். யூடியூப்புக்கு இவ்வளவு கறார் தேவையில்லை. ஆனாலும் 40ஐ மனதில் வைத்துக்கொண்டு வேலை செய்தால் எங்கேயும் தலைகுனிய வேண்டியிருக்காது.

முக்கால் சாண் தூரம்

பேச்சுக்கு மைக் வாயிலிருந்து முக்கால் சாண் தூரத்தில் இருக்கட்டும். இவ்வளவு பக்கத்தில் வந்தால் புதிதாக இரண்டு தொல்லை வரும். 'பப்பாளி', 'படபடப்பு' என்று சொல்லும்போது உதட்டிலிருந்து பாயும் காற்று மைக்கின் சவ்வில் மோதி 'டப்' என்று அடிக்கும். மைக்கை வாய்க்கு நேராக வைக்காமல் கடைவாய்ப் பக்கம் கொஞ்சம் தள்ளி, வாயைப் பார்க்கும்படி சாய்த்து வையுங்கள். காற்று நேராகப் போய்விடும், குரல் மட்டும் மைக்கில் விழும். இதற்கும் அடங்கவில்லை என்றால் மைக்குக்கு முன்னால் நிறுத்தும் மெல்லிய திரையான பாப் ஃபில்டர் ஒன்று. இன்னொரு தொல்லை, குரலில் அடித்தொனி கூடி 'கும்' என்று கேட்பது. ஒரு திசையிலிருந்து வருவதை மட்டும் அதிகமாகப் பிடிக்கும் கார்டியாய்டு வகை மைக்குகளுக்குப் பக்கத்தில் போகப் போக இந்தக் குணம் கூடும். 80 ஹெர்ட்ஸுக்குக் கீழே வெட்டும் லோ கட் ஸ்விட்ச் மைக்கிலோ மென்பொருளிலோ இருந்தால் போட்டுவிடுங்கள். பேச்சுக் குரலில் அதற்குக் கீழே இழப்பதற்கு ஒன்றுமில்லை. தெருவில் போகும் லாரியின் உறுமலும் மேசையில் கை படும் அதிர்வும் அதோடு குறையும்.

உங்கள் மைக்குக்கு முகம் எந்தப் பக்கம் என்றும் பார்த்துவிடுங்கள். உருளை வடிவில் நிற்கும் பெரிய கண்டன்சர் மைக்குகளில் (மின்சாரம் கொடுத்தால்தான் வேலை செய்யும் வகை) பலவற்றுக்கு உச்சந்தலையில் பேசக் கூடாது, பக்கவாட்டில் பேச வேண்டும். அந்தப் பக்கத்தை ஒரு சின்னமோ பெயரோ போட்டுக் காட்டியிருப்பார்கள். முதுகுப் பக்கம் பேசிவிட்டு, சத்தம் வரவில்லை என்று கெயினை முழுதும் திருகியவர்கள் நிறையப் பேர். மாறாக, மைக்கின் முதுகு எதையும் அதிகம் கேட்காது என்பதை உங்களுக்குச் சாதகமாக்கிக்கொள்ளலாம். ஃபேன் ஓடும் லேப்டாப்போ தெருப்பக்க ஜன்னலோ மைக்கின் முதுகுக்கு நேராக வரும்படி உட்கார்ந்தால் பல டெசிபெல் மிச்சம்.

கெயினை எங்கே நிறுத்துவது

தூரம் சரியான பிறகுதான் கெயின் குமிழுக்குப் போக வேண்டும். பேச்சின் உச்சங்கள் மைனஸ் 12க்கும் மைனஸ் 6க்கும் இடையில் விழும்படி வைத்தால் போதும். 0ஐத் தொட்டால் அலையின் தலை வெட்டுப்பட்டு, கரகரவென்று உடைந்துவிடும். அப்படி வெட்டுப்பட்டதைப் பிறகு எந்த மென்பொருளாலும் முழுதாக மீட்க முடியாது. அதனால் "ஹலோ, மைக் டெஸ்டிங்" என்று சொல்லிக் கெயின் வைக்காதீர்கள். பேசப்போவதில் எது சத்தமான இடமோ அதைப் பேசியும், பாடுபவராக இருந்தால் உச்சஸ்தாயிக்குப் போகும் வரியைப் பாடியும் வையுங்கள். உற்சாகம் வந்துவிட்டால் ஒத்திகையைவிட 3, 4 டெசிபெல் கூடத்தான் செய்யும்.

லெவல் கொஞ்சம் குறைவாகப் பதிந்துவிட்டதே என்ற பயம் வேண்டாம். ஒலியின் அளவை எழுதப் பயன்படும் ஒவ்வொரு பிட்டுக்கும் சுமார் 6 டெசிபெல் என்ற கணக்கில் 16 பிட் பதிவில் 96 டெசிபெல்லும், 24 பிட் பதிவில் ஏட்டளவில் 144 டெசிபெல்லும் இடம் இருக்கிறது. மென்பொருளில் 24 பிட் என்று வைத்துவிட்டால், மேலே 10 டெசிபெல் காலியாக விடுவதால் ஒரு நஷ்டமும் இல்லை.

கெயின் ஒரே இடத்தில் மட்டும் இருப்பதில்லை என்பதுதான் பலரைக் குழப்புகிறது. மைக்கிலேயே ஒரு குமிழ் இருக்கலாம், மைக்கைக் கணினியோடு இணைக்கும் பெட்டியான ஆடியோ இன்டர்ஃபேஸில் ஒன்று, விண்டோஸின் சவுண்ட் அமைப்பில் ஒன்று, அதற்குப் பக்கத்திலேயே மைக்ரோஃபோன் பூஸ்ட் என்று 10, 20, 30 டெசிபெல் கூட்டும் இன்னொன்று, கடைசியில் ஜூம் மாதிரியான செயலி தானாகவே கூட்டிக் குறைத்துக்கொள்ளும் ஆட்டோமேட்டிக் கெயின். முன்னால் இருப்பதை முதலில் சரியாக வைத்துக்கொண்டு பின்னால் போங்கள். லேப்டாப்பின் மைக் துளையில் செருகியிருந்தால், பூஸ்ட் 30இல் நிற்கிறதா என்று பாருங்கள். உஸ்ஸென்ற இரைச்சலுக்கு அது ஒன்றே போதும். ஆட்டோமேட்டிக் கெயினை எப்படிக் கண்டுபிடிப்பது? நீங்கள் பேச்சை நிறுத்தியதும் ஓரிரு விநாடியில் பின்னணி இரைச்சல் மெல்லப் பொங்கி மேலே வரும், பேசத் தொடங்கியதும் பதுங்கிவிடும். இப்படிக் கேட்டால் அதை அணைத்துவிட்டுத்தான் மறுவேலை. ஜூமில் பாட்டு வகுப்பு எடுப்பவர்களுக்காக ஒரிஜினல் சவுண்ட் என்றே ஒரு ஏற்பாடு இருக்கிறது.

கெயினை முழுதும் திருகியும் போதவில்லை என்றால் மைக்கின் வகையைக் கவனிக்க வேண்டும். பாட்காஸ்ட் வீடியோக்களில் எல்லோர் முன்னாலும் நிற்கும் ஷூர் எஸ்எம்7பி ஒரு டைனமிக் மைக், அதாவது மின்சாரம் கொடுக்காமலே வேலை செய்யும் வகை. ஒரே அளவு சத்தத்துக்கு அது தருவது 1.12 மில்லிவோல்ட் என்றால், ஆடியோ டெக்னிகா ஏடி2020 என்ற கண்டன்சர் மைக் 14.1 மில்லிவோல்ட் தருகிறது. வித்தியாசம் 22 டெசிபெல். எஸ்எம்7பிக்கு 60 டெசிபெல் கெயினாவது வேண்டும். ஃபோகஸ்ரைட் ஸ்கார்லெட் 2ஐ2 என்ற இன்டர்ஃபேஸின் மூன்றாம் தலைமுறை தருவது 56தான். நான்காம் தலைமுறையில்தான் அது 69 ஆனது. அதாவது மைக்கும் நல்லது, இன்டர்ஃபேஸும் நல்லது, ஜோடிதான் சரியில்லை. இன்னும் பக்கத்தில் வந்து பேசுவது முதல் வழி. மைக்குக்கும் இன்டர்ஃபேஸுக்கும் நடுவே மாட்டும் சின்ன முன்பெருக்கி இரண்டாவது வழி. கிளவுட்லிஃப்டர் போன்றவை 25 டெசிபெல் வரை கூட்டித் தரும்.

எதிர்த் திசையிலும் ஒரு பொருத்தமின்மை உண்டு. பிஎம்-800 என்ற பெயரில் பல கடைகளில் கிடைக்கும் மலிவு விலைக் கண்டன்சர் மைக்கோடு ஒரு கேபிள் வரும்: ஒரு முனையில் மூன்று கால் எக்ஸ்எல்ஆர், மறுமுனையில் 3.5 மி.மீ. பிளக். அதை நேராக லேப்டாப்பில் செருகினால் கிடைக்கும் மின்னழுத்தம் ஓரிரண்டு வோல்ட்தான். கண்டன்சர் மைக்குகள் பெரும்பாலும் எதிர்பார்ப்பது 48 வோல்ட் ஃபேன்டம் பவர், அதாவது மைக் கேபிள் வழியாகவே வரும் மின்சாரம். இந்த 48க்கு ஒரு கதை உண்டு. 1966இல் பெர்லினின் நாய்மன் நிறுவனம் நார்வே வானொலிக்குப் புது வகை மைக்குகளைக் காட்டியபோது, அங்கே ஸ்டூடியோக்களில் அவசர விளக்குகளுக்காக 48 வோல்ட் மின்சாரம் ஏற்கெனவே இருந்தது. அதையே மைக்குக்கும் எடுத்துக்கொண்டார்கள், பிறகு உலகத்துக்கே அது வழக்கமாகிவிட்டது.

அந்தக் கேபிளில் இன்னொரு குறையும் இருக்கிறது. எக்ஸ்எல்ஆர் கேபிளுக்குள் ஒரே ஒலியை இரண்டு கம்பிகள் தலைகீழாகச் சுமந்து போகும். வழியில் ஒட்டிக்கொள்ளும் இரைச்சல் இரண்டிலும் ஒரே மாதிரி ஒட்டும். மறுமுனையில் ஒன்றிலிருந்து இன்னொன்றைக் கழிக்கும்போது ஒலி இரட்டிப்பாகும், ஒட்டிய இரைச்சல் அழிந்துபோகும். 3.5 மி.மீ. பிளக்குக்கு மாறிய உடனே இந்தப் பாதுகாப்பு போய்விடுகிறது. இப்படிப்பட்ட மைக் ஏற்கெனவே கையில் இருந்தால், ஃபேன்டம் பவர் தரும் ஒரு சாதாரண இன்டர்ஃபேஸ் வாங்கி முறையான எக்ஸ்எல்ஆர் கேபிளில் கேட்டுப் பாருங்கள். அதே மைக்கா இது என்று தோன்றும்.

சட்டையில் குத்தும் காலர் மைக் வைத்திருப்பவர்கள் பிளக்கில் உள்ள கறுப்பு வளையங்களை எண்ணிப் பாருங்கள். மூன்று வளையம் இருந்தால் போனுக்கானது, இரண்டு இருந்தால் கேமராவுக்கோ கணினிக்கோ ஆனது. மாற்றிச் செருகினால் சத்தமே வராமல் போகலாம், அல்லது சாதனத்தின் சொந்த மைக்கே ஓடிக்கொண்டிருக்கும், உங்களுக்குத் தெரியாது. சந்தேகம் வந்தால் காலர் மைக்கை நகத்தால் மெதுவாகச் சுரண்டுங்கள், பதிவில் அது பெரிதாகக் கேட்க வேண்டும்.

இரைச்சல் எந்தப் பக்கத்திலிருந்து வருகிறது

லெவலும் சரி, தூரமும் சரி, இன்னும் இரைச்சல் இருக்கிறது என்றால் ஒரு சோதனை செய்யுங்கள். இதைவிடப் பயனுள்ள சோதனை எனக்குத் தெரிந்து வேறில்லை. ஹெட்ஃபோன் சத்தத்தைக் குறைத்து, ஃபேன்டம் பவரை அணைத்துவிட்டு, மைக்கை இன்டர்ஃபேஸிலிருந்து கழற்றுங்கள். கெயின் குமிழை மட்டும் அசைக்காதீர்கள். இப்போது பதிவு செய்து கேளுங்கள். இரைச்சல் அப்படியே இருந்தால் அது மைக்குக்குப் பின்னால், மின்சாரப் பக்கம் இருக்கிறது. மறைந்துபோனால் மைக்கிலோ அதன் கேபிளிலோ, உங்கள் அறையிலோ இருக்கிறது. தேட வேண்டிய இடம் ஒரே நிமிடத்தில் பாதியாகிவிடும்.

அடுத்து காதைத் தீட்டிக்கொண்டு அது என்ன மாதிரி ஒலி என்று கேளுங்கள். சீராக ஓடும் 'உஸ்ஸ்' என்றால் கெயின் அதிகம் அல்லது மைக்கின் சொந்த இரைச்சல். ஒவ்வொரு கண்டன்சர் மைக்கின் விவரத்திலும் அதன் சுய இரைச்சலைப் போட்டிருப்பார்கள். ரோட் என்டி1இன் அளவு 4.5 டெசிபெல், ஏடி2020இன் அளவு 20. பேச்சுக்கு 20கூடப் பெரிய குறையில்லை. மெல்லிய வீணை வாசிப்பைப் பதிவதானால் வித்தியாசம் தெரியும்.

அடித்தொனியில் 'ம்ம்ம்' என்றோ, கொஞ்சம் முரட்டுத்தனமாக 'கொர்ர்ர்' என்றோ ஓடினால் அது வீட்டு மின்சாரம். இந்தியா, இலங்கை, மலேசியா, சிங்கப்பூரில் மின்சாரம் விநாடிக்கு 50 முறை ஊசலாடுகிறது. அதனால் 50, 100, 150 ஹெர்ட்ஸில் இந்த ரீங்காரம் உட்காரும். அமெரிக்காவிலும் கனடாவிலும் என்றால் 60, 120, 180. லேப்டாப்பில் பதிவு செய்பவர்களுக்கு இங்கே முதல் சந்தேகம் சார்ஜர் மேல் வர வேண்டும். பதிவு ஓடிக்கொண்டிருக்கும்போதே சார்ஜரைப் பிடுங்குங்கள். ரீங்காரம் பட்டென்று நின்றால் குற்றவாளி கிடைத்துவிட்டது. இரண்டு கால் பிளக் உள்ள சார்ஜர்களில் மிகச் சிறிய கசிவு மின்னோட்டம் லேப்டாப்பின் உலோக உடம்புக்கு வரும். கையை வைத்துத் தடவினால் லேசாக அதிர்வதுபோல் தெரிவது அதுதான். எர்த் இல்லாததால் அது மைக் கேபிள் வழியாக வழி தேடுகிறது. பதிவு செய்யும் அரை மணி நேரம் பேட்டரியில் ஓட்டிவிடுவது உடனடி வழி. எர்த் உள்ள மூன்று கால் பிளக்கும், உண்மையிலேயே எர்த் வேலை செய்யும் சாக்கெட்டும் நிரந்தர வழி. பழைய வீடுகளில் சாக்கெட்டில் மூன்று துளை இருக்கும், உள்ளே எர்த் கம்பி இருக்காது. எலெக்ட்ரீஷியனை வைத்து ஒரு முறை சோதித்துவிடுங்கள், ரெக்கார்டிங்குக்காக மட்டுமல்ல, உயிருக்காகவும்.

லேப்டாப் ஒரு சாக்கெட்டிலும், ஸ்பீக்கரோ மிக்ஸரோ அறையின் மறுகோடியில் வேறொரு சாக்கெட்டிலும் இருந்தால் எர்த்துக்கு இரண்டு பாதை உண்டாகி, அந்த வளையத்திலும் ரீங்காரம் வரும். எல்லாவற்றையும் ஒரே எக்ஸ்டென்ஷன் பெட்டியில் செருகினால் பெரும்பாலும் அடங்கிவிடும். ரீங்காரத்தை நிறுத்த எர்த் காலை வெட்டிவிடு, டேப் ஒட்டிவிடு என்று யோசனை சொல்பவர்கள் உண்டு. தயவுசெய்து செய்யாதீர்கள். மின்கசிவு வந்தால் மின்சாரம் உங்கள் உடல் வழியாகத்தான் போகும். பாடுகிறவர் மைக்கில் உதடு படப் பாடுவார் என்பதை நினைத்துப் பாருங்கள்.

எலெக்ட்ரானிக் ஃபேன் ரெகுலேட்டரும் மின்சாரத்தை வெட்டி வெட்டித்தான் வேகத்தைக் குறைக்கிறது. அந்த வெட்டு 'கொர்ர்' என்று கேபிளில் ஏறும். மின்தடையின்போது ஓடும் சதுர அலை இன்வெர்ட்டர் இதைவிட மோசம், கரன்ட் வரும்வரை காத்திருப்பதுதான் நல்லது. 'டிக் டிக் டிர்ர்ர்' என்று விட்டுவிட்டு வந்தால் பக்கத்தில் இருக்கும் போன். 2ஜி சிக்னல் விநாடிக்கு 217 முறை துடிக்கும் ஒலி அது. ஃப்ளைட் மோடில் போட்டால் தீர்ந்தது. சட்சட்டென்று பொரிகிற மாதிரி வந்தால் கணினி திணறுகிறது. மென்பொருளின் ஆடியோ அமைப்பில் பஃபர் அளவை (கணினி ஒரே நேரத்தில் கையாளும் ஒலித் துண்டின் அளவு) 128இலிருந்து 512 ஆக்குங்கள், யுஎஸ்பி ஹப்பைத் தவிர்த்து நேராகக் கணினியில் செருகுங்கள், விண்டோஸிலும் மென்பொருளிலும் சாம்ப்ளிங் அளவு (விநாடிக்கு எத்தனை முறை ஒலியை அளந்து எழுதுகிறது என்ற கணக்கு) ஒன்றாக, இரண்டும் 44.1 அல்லது இரண்டும் 48 கிலோஹெர்ட்ஸாக இருக்கிறதா என்று பாருங்கள்.

அறை என்று முடிவானால் ஃபேனை அணைப்பதில் சமரசம் வேண்டாம். வியர்க்கும், அதனால் பத்து நிமிடத் துண்டுகளாகப் பதிவு செய்யுங்கள். சிமென்ட் சுவரும் டைல்ஸ் தரையும் உள்ள நம் அறைகளில் எதிரொலிப்புதான் பெரிய எதிரி. அதற்கும் அதே இடைவெளிக் கணக்குதான்: மைக் பக்கத்தில் வந்தால் நேரான குரல் கூடும், சுவரில் பட்டுத் திரும்புவது கூடாது. துணி நிறைந்த பீரோவைத் திறந்து வைத்து அதைப் பார்த்துப் பேசுங்கள், முதுகுக்குப் பின்னால் ஒரு மெத்தையைச் சாய்த்து வையுங்கள், தரையில் ஜமக்காளம் விரியுங்கள். முட்டை அட்டையை ஒட்டுவதால் பயனில்லை. மெல்லிய ஃபோம் உள்ளே எழும் எதிரொலிப்பின் மேல்தொனியைக் கொஞ்சம் உறிஞ்சுமே தவிர, வெளியிலிருந்து வரும் ஹார்ன் சத்தத்தைத் தடுக்காது.

இவ்வளவும் செய்த பிறகு மிச்சம் இருப்பதை மென்பொருளிடம் கொடுக்கலாம். ஆடாசிட்டியின் நாய்ஸ் ரிடக்‌ஷன், முதலில் பேசாமல் விட்ட விநாடிகளைக் கேட்டு இரைச்சலின் ஜாடையைப் பிடித்துக்கொண்டு, பிறகு முழுப் பதிவிலும் அதைக் குறைக்கும். 24 டெசிபெல் என்று ஒரேயடியாக இழுக்காமல் 6 முதல் 9 வரை வைத்துக் கேட்டுப் பாருங்கள், குரல் கெடாது. மூலப் பதிவை வேறு பெயரில் சேமித்த பிறகே இதைத் தொடுங்கள். சீராக ஓடும் இரைச்சலுக்குத்தான் இது உதவும். நடுவில் குக்கர் விசில் அடித்தாலோ, காக்கை கத்தினாலோ, அந்த வரியை மறுபடி பேசிப் பதிவதே வேகமான வழி. அந்த ஒரு வரி மற்றவற்றோடு ஒட்ட வேண்டுமானால் தூரமும் கெயினும் மாறியிருக்கக் கூடாது. அதற்காக ஸ்டாண்டின் கால் நிற்கும் இடத்தில் தரையில் டேப்பும், குமிழ் நின்ற இடத்தில் ஸ்கெட்ச் பேனாவால் ஒரு புள்ளியும் வைத்துவிட்டுப் பதிவைத் தொடங்குங்கள்.